தீட்டுக்கம்பி: எவ்வளவு சாய்வு, எத்தனை இழுப்பு

கத்தி செட் வாங்கினால் கூடவே ஒரு கம்பி வரும். கறுப்புப் பிடி, அதில் ஒரு சாணுக்குச் சற்று மேலே நீளும் உருண்டைக் கம்பி, மேலிருந்து கீழாக வரிவரியாகக் கோடுகள். பல வீடுகளில் அது டிராயரின் அடியில் தூங்கும். சில வீடுகளில் டிவி சமையல்காரரைப் பார்த்துக் காற்றில் 'சரக் சரக்' என்று உரசுவார்கள். தூங்கும் கம்பியால் கத்திக்கு நட்டம் இல்லை. இரண்டாவது வகைதான் கத்தியைக் கெடுக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சாணை பிடிப்பது வேறு, கம்பியில் தீட்டுவது வேறு. சாணைக்கல் உலோகத்தைத் தேய்த்து எடுத்துப் புதிதாக ஒரு வாயை உண்டாக்கும். கம்பி ஏற்கெனவே இருக்கிற வாயைச் சரிசெய்து, அடுத்த சாணை வரைக்கும் ஓட்டும். சுத்தமாக மழுங்கிப் போன கத்தியைக் கம்பியில் ஐம்பது முறை இழுத்தாலும் அது மழுங்கின கத்திதான்.

வாயில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நன்றாகச் சாணை பிடித்த கத்தியின் வாய், நுனி விளிம்பில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனில் இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமன் ஐம்பதிலிருந்து நூறு மைக்ரான். அவ்வளவு மெல்லிய தகடு பலகையில் நூறு முறை மோதினால் நேராக நிற்காது. ஏதோ ஒரு பக்கமாக மடியும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தக்காளித் தோலுக்குத் தெரியும். கத்தி தோலில் வழுக்கிக்கொண்டு போகும். கூர் எங்கும் போய்விடவில்லை, பக்கவாட்டில் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். கம்பியில் இழுக்கும்போது அது நிமிர்கிறது.

நிமிர்த்துவது மட்டும்தான் கம்பியின் வேலை என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், கம்பி வாயின் உலோகத்தைக் கொஞ்சம் நசுக்கி, கொஞ்சம் சுரண்டி, மிகக் குறுகலான ஒரு புதுச் சரிவையே உண்டாக்குவது தெரியும். தீட்டி முடித்ததும் கம்பியைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கறை வருகிறதே, அது உங்கள் கத்தியிலிருந்து போன உலோகம்தான். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் வாய் துளித்துளியாகப் பின்வாங்கித் தடித்த பகுதிக்குள் போகிறது. அதனால்தான் எவ்வளவு ஒழுங்காகத் தீட்டினாலும் ஒருநாள் கல்லுக்குப் போயே ஆகவேண்டும்.

எந்தக் கத்திக்கு எந்தக் கம்பி

எஃகின் கடினத்தை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். ஜெர்மன் வகைச் சமையல் கத்திகளில் பரவலாக இருக்கும் எஃகுக்கு 1.4116 என்று எண்; கார்பன் அரை சதவீதம், குரோமியம் சுமார் 15 சதவீதம். இதன் கடினம் 55 முதல் 58 வரை. இந்த எஃகு வளையும், உடையாது. மடிந்த வாயை நிமிர்த்தலாம். கம்பிக்கென்றே பிறந்த கத்தி என்றால் இதுதான். நம் பாத்திரக் கடைகளில் தொங்கும் மெல்லிய எவர்சில்வர் கத்திகள் இதைவிட மென்மை. நான்கு வெங்காயம் நறுக்குவதற்குள் வாய் மடிந்துவிடும், நான்கே இழுப்பில் திரும்பியும் வந்துவிடும். தீட்டிப் பழக இதைவிட நல்ல கத்தி கிடையாது. கை தவறிக் கெட்டாலும் பெரிய நட்டமில்லை.

ஜப்பானியக் கத்திகளின் சங்கதி வேறு. அவற்றின் கடினம் 60க்கு மேல், வாயின் சாய்வும் குறைவு. கடினம் கூடினால் வாய் மடியாது, பொடிப்பொடியாகப் பொரிந்துவிடும். வரிக் கோடு போட்ட எஃகுக் கம்பியில் அதை இழுத்தால், கோடுகளின் முகடுகள் ஒவ்வொன்றும் வாயில் ஒரு சிறு பல்லைப் பெயர்த்தெடுக்கும். அந்தக் கத்திக்கு வழவழப்பான பீங்கான் கம்பி, அல்லது நேராகக் கல். ரம்பப் பல் வைத்த ரொட்டிக் கத்திக்கு இந்தக் கம்பியே வேண்டாம். அரிவாள்மனைக்கும் வேண்டாம், மனையோடு பொருத்திய வாயைத் தூக்கிக் கம்பியில் இழுக்க முடியாது. சின்னக் கல் ஒன்றைக் கையில் பிடித்து வாயின் மேல் ஓட்டுவதே அதற்கு வசதி.

கம்பிகளிலும் நான்கைந்து சாதி உண்டு. ஜெர்மனியில் 1778இலிருந்து இயங்கும் எஃப். டிக் நிறுவனம் கத்தியும் செய்கிறது, அரமும் செய்கிறது, தீட்டுக்கம்பியும் செய்கிறது. இந்தச் சேர்க்கையே ஒரு பாடம். கம்பியிலுள்ள கோடுகள் அரத்தின் பற்களுக்கு உறவு. கோடு ஆழமாக இருந்தால் அரம் போலச் சுரண்டும். கோடு நுணுக்கமாக ஆக ஆகச் சுரண்டல் குறைந்து நிமிர்த்தல் கூடும். கோடே இல்லாத வழவழக் கம்பி கிட்டத்தட்ட அழுத்தி நிமிர்த்துவது மட்டும்தான். மலிவு செட்டுகளில் வருவது பெரும்பாலும் ஆழக் கோடு. வாங்கப் போகிறீர்கள் என்றால் நுணுக்கக் கோடு போட்டதைக் கேளுங்கள். நகத்தைக் கம்பியின் குறுக்கே, அதாவது சுற்றளவில் ஓட்டினால், மெல்லிய நறநறப்பு மட்டும் தெரியவேண்டும். சீப்பின் மேல் ஓட்டுவது போலத் தடதடத்தால் வேண்டாம்.

வைரத்தூள் பூசிய கம்பியும் கடைகளில் இருக்கிறது. அது பெயருக்குத்தான் தீட்டுக்கம்பி, வேலை முழுக்கச் சாணைக்கல்லினுடையது. தினமும் அதில் இழுத்தால் ஓரிரு வருடத்தில் கத்தியின் அகலம் குறைந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

நீளத்துக்குக் கணக்கு எளிது: கத்தியின் இலையைவிட, அதாவது பிடி நீங்கலான தகட்டைவிட, கம்பி கொஞ்சமாவது நீளமாக இருக்கவேண்டும். 8 அங்குலக் கத்திக்கு 10 அங்குலக் கம்பி, 10 அங்குலக் கத்திக்கு 12. உருண்டையைவிட முட்டை வடிவக் கம்பி நல்லது என்பது என் கட்சி. அதன் அகலப் பக்கத்தில் வளைவு குறைவு, வாயைத் தொடும் இடம் கொஞ்சம் கூடும், அழுத்தம் பரவும். கைப் பழக்கம் இல்லாதவர்களை அது மன்னித்துவிடும்.

சாய்வு

பெரும்பாலான ஐரோப்பிய வகைக் கத்திகளுக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. இது கத்தியின் தட்டைப் பக்கத்துக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள கோணம். கண்ணளவில் இதைப் பிடிக்கப் பழகும் வரை ஒரு காகிதத் துண்டு போதும். காகிதத்தின் மூலை 90 டிகிரி. அதை மூன்று சம மடிப்பாக மடித்தால் 30, மறுபடி பாதியாக்கினால் 15. அந்த ஆப்பைக் கம்பியை ஒட்டிப் பிடித்து, கத்தியை அதன்மேல் சாய்த்துப் பாருங்கள். இவ்வளவு குறைவா என்று தோன்றும். பழக்கமில்லாத கை எப்போதும் கூடுதலாகவே சாய்க்கும்.

இன்னொரு வழி, முதுகு கம்பியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்ப்பது. இலை 45 மில்லிமீட்டர் அகலமுள்ள கத்தி என்றால், 15 டிகிரிக்கு முதுகு 12 மில்லிமீட்டர் விலகியிருக்கும், 20 டிகிரிக்கு 15. சுண்டுவிரல் நுழையும் இடைவெளி என்று வைத்துக்கொள்ளலாம். காய் சீவும் சின்னக் கத்தியின் இலை 20 மில்லிமீட்டர்தான் என்றால் அதே 15 டிகிரிக்கு முதுகு வெறும் 5 மில்லிமீட்டர் விலகினால் போதும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பெரிய கத்திக்குப் பழகிய அதே இடைவெளியைச் சின்னக் கத்திக்கும் வைத்தால் கோணம் 35 டிகிரியைத் தாண்டிவிடும்.

சாய்வு கூடினால் உடனே நல்ல பலன் வந்தது போலத் தோன்றும். வாயின் நுனியில் தடித்த ஒரு சரிவு உருவாகி, அன்றைக்குத் தக்காளி வெட்டும். இரண்டு நாளில் மறுபடி வழுக்கும். சாய்வு குறைந்தால் கம்பி வாயைத் தொடவே தொடாது, அதற்குப் பின்னாலுள்ள தோளை மட்டும் பளபளப்பாக்கும். எது நடக்கிறது என்று அறிய, பெர்மனென்ட் மார்க்கரால் வாயோரம் இரண்டு பக்கமும் மை பூசுங்கள். பக்கத்துக்கு இரண்டு இழுப்பு. பிறகு வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பு ஓரத்தில் மெல்லிய கோடாக மை போயிருந்தால் சரி. விளிம்பில் மை அப்படியே இருந்து, உள்ளே தள்ளிப் போயிருந்தால் சாய்வு போதவில்லை. அடியில் போய் நுனியில் போகாமல் இருந்தால் மணிக்கட்டு நடுவழியில் திரும்பியிருக்கிறது. நூறு வீடியோவில் கிடைக்காத பாடம் இந்த ஒரு மைக்கோட்டில் கிடைத்துவிடும்.

இழுப்பு

காற்றில் நீட்டிப் பிடித்துத் தீட்டுவது கசாப்புக் கடைக்காரருக்குச் சரி. ஒரு நாளில் பலமுறை அதையே செய்கிற கை அது. வீட்டில் கம்பியை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். வெட்டும் பலகையின் மேல் ஈரத்துணியை நான்காக மடித்துப் போட்டு, அதில் கம்பியின் முனையை ஊன்றி, பிடியை இடது கையால் மேலே பிடியுங்கள். துணி இல்லாவிட்டால் முனை வழுக்கும். வழுக்கினால் கத்தி போகிற இடம் உங்கள் தொடை. பிடிக்கும் கையின் கட்டைவிரல் காவல் வளையத்துக்குக் கீழே எட்டிப் பார்க்கக் கூடாது.

கத்தியின் அடிப்பகுதியை, அதாவது பிடியை ஒட்டிய வாயை, கம்பியின் மேல்முனையில் வையுங்கள். சாய்வைப் பிடியுங்கள். இப்போது கத்தியைக் கீழே இறக்கிக்கொண்டே உங்கள் பக்கமாக இழுங்கள். கம்பியின் கடைசி இரண்டு விரற்கடைக்கு வரும்போது கத்தியின் நுனி கம்பியில் இருக்கவேண்டும். ஒரே இழுப்பில் வாய் முழுவதும் கம்பியைத் தொட்டுப் போயிருக்கவேண்டும். அடுத்த இழுப்பு கம்பியின் மறுபக்கத்தில், கத்தியின் மறு கன்னத்துக்கு. மாற்றி மாற்றி பக்கத்துக்கு நான்கு. பிறகு இன்னும் லேசாகப் பக்கத்துக்கு இரண்டு. மொத்தம் பன்னிரண்டு. முடிந்தது.

நீளக் கத்தியாக இருந்தால் மணிக்கட்டை மடக்காதீர்கள். மணிக்கட்டைப் பூட்டிவிட்டு முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் இழுங்கள். வாய் நுனிப்பக்கம் வளைந்து ஏறும் இடத்தில் மட்டும் பிடியைக் கொஞ்சம் உயர்த்தவேண்டும், இல்லாவிட்டால் வளைவு கம்பியைத் தொடாது. நுனி கம்பியை விட்டு வழிந்து விழ விடாதீர்கள். நுனி கம்பியில் இருக்கும்போதே இழுப்பை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறையும் வழிந்து விழுந்தால் சில மாதத்தில் நுனி உருண்டுவிடும், பிறகு பச்சை மிளகாயைக் கீறக்கூட உதவாது.

அழுத்தம் எவ்வளவு? கத்தியின் எடையும் அதற்கு மேல் கொஞ்சமும். சமையலறைத் தராசு இருந்தால் கத்தியின் தட்டைப் பக்கத்தால் அதன் தட்டை அழுத்தி, 200 கிராம் காட்டும்போது கைக்கு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கம்பியும் வாயும் தொடும் இடம் ஊசிமுனை அளவுகூட இல்லை. 200 கிராம் அந்த இடத்தில் இறங்கும்போது எஃகே வளைந்துகொடுக்கும் அழுத்தமாகிவிடுகிறது. அதற்கு மேல் பலம் காட்டினால் வாய் நிமிராது. நேர்கோட்டைத் தாண்டி அடுத்த பக்கம் மடியும். சத்தத்தை வைத்தும் சொல்லலாம். மெல்லிய, தொடர்ச்சியான 'ஸ்ஸ்ஸ்' வந்தால் சரி. 'டங்' என்று தொடங்கினால் கத்தியைக் கம்பியில் இறக்கவில்லை, அடிக்கிறீர்கள். அடித்த இடத்தில் வாய் நசுங்கும்.

கூடுதலாக இழுத்தால் கூடுதல் கூர் வரும் என்பதும் தப்புக் கணக்கு. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் நாலு தடவை மடக்கினால் ஒடிகிறதல்லவா, வாயிலும் அதே கதை. திரும்பத் திரும்ப மடிந்து நிமிர்ந்த உலோகம் களைத்து, துண்டு துண்டாக உதிரும். கூரும் போய், ரம்பம் மாதிரி ஒரு விளிம்பு மிஞ்சும்.

இன்னொரு கோளாறு மெதுவாக வரும், வருடக்கணக்கில். அவசரக்காரர்கள் எப்போதும் இலையின் நடுப்பகுதியை மட்டும் இழுப்பார்கள். அடியும் நுனியும் தப்பித்துவிடும். நடுவில் மட்டும் உலோகம் குறைந்து வாய் குழிந்துவிடும். அப்புறம் கொத்தமல்லித் தழையைப் பொடியாக நறுக்கினால் எல்லாம் சரமாகக் கோத்துக்கொண்டு வரும், ஏனென்றால் குழிந்த இடத்தில் வாய் பலகையைத் தொடுவதில்லை. கத்தியைப் பலகையில் செங்குத்தாக நிறுத்தி, பின்னால் விளக்கை வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் இதுதான் நோய். இதற்குக் கம்பியில் மருந்து கிடையாது. கல்லில் முழு வாயையும் மட்டப்படுத்தவேண்டும்.

தீட்டியதும் கத்தியை ஈரத்துணியால் முதுகுப் பக்கமிருந்து துடைத்துவிட்டுத்தான் காயில் வையுங்கள். அந்தச் சாம்பல் கறை வாயிலும் ஒட்டியிருக்கும்.

தீட்ட வேண்டுமா, சாணை பிடிக்க வேண்டுமா

விளக்கின் நேர்கீழே கத்தியின் வாயை மேல்நோக்கிப் பிடித்து, மெல்ல அசைத்துப் பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பித் தராது, இருட்டுக் கோடாகவே இருக்கும். எங்கேயாவது வெள்ளைக் கீற்றாக மின்னினால் அந்த இடம் தட்டையாகிவிட்டது. மடிப்பைக் கண்டுபிடிக்க விரல் போதும். கட்டைவிரலின் சதையை முதுகுப் பக்கமிருந்து வாயை நோக்கி, வாயைத் தாண்டி வெளியே போகுமாறு மிக லேசாக வருடுங்கள். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் வேண்டாம். ஒரு பக்கம் வழவழவென்று போய், மறுபக்கம் சன்னமாகப் பிராண்டினால் வாய் அந்தப் பக்கம் மடிந்திருக்கிறது. கம்பி வேலைக்கு ஆகும். இரண்டு பக்கமும் வழவழவென்று இருந்து, விளக்கில் வெள்ளைக் கோடும் மின்னினால், நிமிர்த்த அங்கே எதுவும் மிச்சமில்லை. கல்லை எடுங்கள்.

தினமும் சமைக்கிற வீட்டில் ஜெர்மன் வகைக் கத்திக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இந்தப் பன்னிரண்டு இழுப்பு போதும். எவர்சில்வர் கத்தி என்றால் ஒவ்வொரு சமையலுக்கும் முன் நான்கு. பன்னிரண்டு இழுத்தும் பழுத்த தக்காளியின் தோலில் கத்தி அழுத்தாமல் இறங்கவில்லை என்றால் பதின்மூன்றாவதை இழுக்காதீர்கள். 1000 கிரிட் கல்லில் (கிரிட் என்பது கல்லின் மணல் எவ்வளவு நுணுக்கம் என்ற எண்) சாணை பிடிக்கும் நேரம் வந்துவிட்டது.

தெருவில் சைக்கிளில் சாணை பிடிக்க வருபவரிடம் கொடுப்பதானால் ஒரு விஷயம். ஓடும் சக்கரத்தில் பொறி பறக்கப் பறக்க அழுத்தினால் மெல்லிய வாய் சூடாகும். விளிம்பில் நீல நிறமோ வைக்கோல் நிறமோ ஏறியிருந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது. இனி எந்தக் கம்பியாலும் அங்கே கூர் நிற்காது. லேசாகத் தொட்டுத் தொட்டு எடுக்கச் சொல்லுங்கள், நடுநடுவே தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். அன்றைக்குப் பயங்கரக் கூராக இருந்து மறுநாளே மழுங்கும் கத்தி பற்றிய புகார் எல்லா வீட்டிலும் உண்டு. சக்கரம் விளிம்பில் விட்டுப்போகும் மெல்லிய உலோகப் பிசிறுதான் அந்த ஒரு நாள் கூர். பிசிறு மடிந்ததும் கதை முடிந்தது. அதைக் கம்பியில் நிமிர்த்தி வைப்பதில் பயனில்லை, மறுபடி மடியும். நுண்ணிய கல்லில் மாற்றி மாற்றி லேசாக இழுத்து, இல்லாவிட்டால் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் முதுகை முன்னால் வைத்து இழுத்துப் பிசிறை எடுத்துவிடவேண்டும். அதன் பிறகே கம்பியின் முறை.

கம்பி இல்லாத வீட்டில் பீங்கான் கோப்பை இருக்கும். அதைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு பூசாத வெள்ளை வளையம் தெரியும். அது பீங்கான் கம்பிக்குச் சமம்; அதே சாய்வு, அதே லேசான கை. திண்ணைக் கல்லிலும் அம்மி விளிம்பிலும் தேய்ப்பது பழைய வழக்கம்தான், அரிவாளுக்கு அது பொருந்தும். மெல்லிய சமையல் கத்தியின் வாயில் அந்தக் கருங்கல் மணல் பல் பல்லாகக் கீறிவிடும்.

வாய் சீக்கிரம் மடிவதற்குக் காரணம் பெரும்பாலும் காய் அல்ல, காய்க்குக் கீழே இருப்பது. எவர்சில்வர் தட்டு, கண்ணாடிப் பலகை, கிரானைட் மேடை மூன்றிலும் வெட்டினால் தினமும் தீட்டினாலும் ஈடுகட்ட முடியாது. மரம், இல்லையென்றால் பிளாஸ்டிக் பலகை. நறுக்கியதைச் சட்டியில் தள்ளும்போது வாயால் பலகையைச் சுரண்டாமல், கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் தீட்டும் நாட்களின் இடைவெளி பாதிக்கு மேல் நீளும் என்று அடித்துச் சொல்வேன்.

கம்பிக்குப் பராமரிப்பு சொற்பம். உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். எண்ணெய் பூசக் கூடாது. பூசினால் வாய் வழுக்கிக்கொண்டு போகும். பல கம்பிகளில் உலோகத்தூள் பறக்காமலிருக்கக் காந்தம் ஏற்றியிருப்பார்கள், அதனால் முனையில் தூள் சேர்ந்து நிற்கும், அதையும் துடைத்துவிடுங்கள். பீங்கான் கம்பியில் கறுப்பு படிந்தால் பாத்திரம் தேய்க்கும் பொடியும் நாரும் போதும், ஆனால் கீழே போட்டால் ஒடியும். எஃகுக் கம்பியை மற்ற பாத்திரங்களோடு டிராயரில் உருட்டிவிடாமல் ஆணியில் மாட்டுங்கள். அதில் ஓர் அடிபட்ட மேடு எழுந்தால் ஒவ்வொரு இழுப்பிலும் வாயில் அதே இடத்தில் ஒரு கீறல் விழும். குரோமியப் பூச்சு செதிலாக உரிந்தால் தூக்கிப் போடவேண்டியதுதான். கோடு மட்டும் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது என்றால் போடாதீர்கள். பூச்சு பத்திரமாக இருக்கும்வரை அது விலை கொடுக்காமல் கிடைத்த வழவழக் கம்பி. எவர்சில்வர் கத்திக்குப் புதுக் கம்பியைவிட அதுவே பாந்தம்.